தீப்புண்ணின் மேல் எதை வைப்பது? வாசலின் வலை முதல் வாழை இலை வரை ஒரு மதிப்பீடு

தீக்காயக் கட்டுப் பொருளை எடைபோட ஒரு கேள்வி போதும்: பிரிக்கும்போது என்ன ஆகிறது? வைக்கும்போது எந்தப் பொருளும் நல்ல பெயர்தான் வாங்கும். இரண்டு நாள் கழித்துக் கட்டைப் பிரிக்கையில் புதிதாக மூடிவந்த மெல்லிய தோல் துணியோடு உரிந்து வருகிறதா, புண்ணின் தரை தெளிவாகத் தெரிகிறதா, டிரெஸ்ஸிங் ட்ரேயின் சத்தம் கேட்டதுமே நோயாளி அழத் தொடங்குகிறாரா என்று பாருங்கள். பொருளின் தரம் அங்கே தெரிந்துவிடும். உறையில் அச்சிட்டிருக்கும் ‘நானோ’, ‘அட்வான்ஸ்டு’ எதுவும் இதைச் சொல்லாது.

நம் மருந்துக்கடைகளிலும் வார்டு ஸ்டோரிலும் கிடைக்கும் பொருள்களை இந்த அளவுகோலில் வைத்துப் பார்த்தால் முதலிடம் மென்பாரஃபின் ஏற்றிய பருத்தி வலையான சாதாரண வாசலின் வலைக்குத்தான். எல்லாத் தீப்புண்ணுக்கும் கைப்பழக்கத்தில் அப்பப்படும் வெள்ளைக் களிம்பு (சில்வர் சல்ஃபாடயசின்) அந்த இடத்துக்கு வராது. ஏன் என்று கீழே விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் பெரும்பாலான தவறுகள் அந்த டப்பாவைத் திறக்கும்போதுதான் தொடங்குகின்றன.

முதலில் எல்லையைச் சொல்லிவிட வேண்டும். இங்கே பேசுவது சிறிய, மேலோட்டமான, பகுதி ஆழப் புண்களை (தோலின் முழு ஆழத்துக்கும் போகாதவை) பற்றி. பெரியவர்களுக்கு உடல் பரப்பில் 10 சதவீதத்துக்கு மேல், குழந்தைகளுக்கு 5 சதவீதத்துக்கு மேல், முகம், கை, பாதம், பிறப்புறுப்பு, மூட்டு, கை கால் மார்பைச் சுற்றி வளையமாக வெந்த காயம், மின்சாரம், ரசாயனம், புகை உள்ளே போன சந்தேகம் என்றால் எந்தக் கட்டு நல்லது என்ற ஆராய்ச்சி வேண்டாம். தீக்காயப் பிரிவு உள்ள மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். சென்னையில் என்றால் கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் தீக்காய வார்டு எல்லோருக்கும் தெரிந்த இடம். அளவு கணக்கிட நோயாளியின் சொந்த உள்ளங்கை, விரல்களும் சேர்த்து, ஏறக்குறைய ஒரு சதவீதம். வெறும் சிவப்பாக மட்டும் இருக்கும் தோலை இந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது. பலர் சேர்த்துவிடுகிறார்கள், அதனால் 6 சதவீதம் 15 ஆகிவிடுகிறது.

ஆழம் பார்க்க விரலே கருவி. சுத்தமான கையுறை போட்ட விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்து, உடனே மீண்டும் சிவக்கிறதா? ஈரமாக, இளஞ்சிவப்பாக, தொட்டாலே வலிக்கிறதா? அது மேலோட்டமானது, ஒழுங்காக மூடிவைத்தால் இரண்டு வாரத்துக்குள் ஆறிவிடும். திட்டுத்திட்டாக வெள்ளையும் அடர்சிவப்புமாக, அழுத்தினாலும் நிறம் மாறாமல் இருந்தால் ஆழமானது. தோல் பதனிட்டது போலப் பழுப்பாகி உணர்ச்சியே இல்லையென்றால் முழு ஆழம். அதற்குக் கட்டு ஒரு மூடி மட்டுமே, வைத்தியம் அறுவை சிகிச்சையும் தோல் ஒட்டும்தான்.

மருத்துவமனைக்குப் போகும் வழியில் மூட ஒரு பொருள் வேண்டுமே என்றால் மளிகைக்கடையில் உணவு சுற்ற விற்கும் மெல்லிய பிளாஸ்டிக் ஃபிலிம். இதை நான் உண்மையிலேயே பரிந்துரைக்கிறேன். முதலில் 20 நிமிடம் ஓடும் குழாய்த் தண்ணீர். காயம் பட்டு மூன்று மணி நேரத்துக்குள் என்றால் தாமதமாகக் காட்டினாலும் பலன் உண்டு. ஐஸ் வைத்தால் ரத்தக் குழாய்கள் சுருங்கிக் காயம் ஆழமாகும். குழந்தைக்குப் பெரிய காயம் என்றால் தண்ணீர் காட்டும்போதே காயம் படாத இடங்களைப் போர்த்திவிட வேண்டும், உடல் குளிர்ந்துவிடும். பிறகு ஃபிலிம் சுருளின் முதல் சுற்றைக் கிழித்து எறிந்துவிட்டு அடுத்த பகுதியை எடுத்து, துண்டு துண்டாகப் புண்ணின் மேல் படுக்கவைக்க வேண்டும். கையைச் சுற்றிச் சுற்றி இறுக்கினால் வீக்கம் ஏறும்போது அது கயிறாகிவிடும். காற்று படாததால் வலி சட்டென்று குறையும், அங்கே போய்ச் சேர்ந்ததும் டாக்டர் மேலிருந்தே புண்ணைப் பார்க்க முடியும், உரித்தால் எதுவும் ஒட்டாது. முகத்துக்கு வேண்டாம். ரசாயனக் காயத்தைத் தண்ணீர் விட்டு நன்றாகக் கழுவித் தீரும் முன் இதால் மூடக் கூடாது. பற்பசை, இட்லி மாவு, மஞ்சள், பேனா மை எதுவும் வேண்டாம். மஞ்சள் நிற பர்னால் வகைக் களிம்பும் இந்த நேரத்துக்கு ஏற்றதல்ல; நிறம் புண்ணில் ஏறிவிட்டால் ஆழம் பார்ப்பது கடினம்.

வாசலின் வலை

பாரஃபின் காஸ், வாசலின் காஸ், டூல் என்று பல பெயரில் கேட்கலாம் (காஸ் என்றால் மெல்லிய கட்டுத்துணி). இடம்விட்டுப் பின்னிய பருத்தி வலையில் மென்பாரஃபினை ஏற்றியது. முதல் உலகப்போர்க் காலத்தில் பிரான்சில் லூமியேர் உருவாக்கிய யோசனை. அன்றிலிருந்து அடிப்படையில் மாறவே இல்லை. இப்போது கடையில் மூன்று வகை கிடைக்கும். மருந்தே இல்லாதது ஜெலோநெட் போன்றவை. 0.5 சதவீதம் குளோர்ஹெக்சிடின் அசிடேட் என்ற கிருமிநாசினி சேர்ந்தது பாக்டிக்ராஸ். 1 சதவீதம் ஃப்ராமைசெட்டின் என்ற ஆன்டிபயாட்டிக் சேர்ந்தது சோஃப்ரா டூல்.

மூன்றில் எது? புதிய, சுத்தமான, மேலோட்டமான புண்ணுக்கு மருந்தில்லாததே போதும். கொஞ்சம் அழுக்குப் பட்டிருக்கிறது, வீட்டில் கவனிப்பு எப்படி இருக்குமோ தெரியாது என்றால் குளோர்ஹெக்சிடின் வலை நல்ல தேர்வு. ஃப்ராமைசெட்டின் வலையை நான் கடைசியில்தான் வைப்பேன். இதே குடும்பத்து ஆன்டிபயாட்டிக்கான நியோமைசின் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு இதுவும் ஒத்துக்கொள்ளாது; அதில் கம்பளிக் கொழுப்பும் இருப்பதால் அரிப்பும் தடிப்பும் வர இரட்டை வாய்ப்பு. புண் ஆறிக்கொண்டிருக்கையில் வலையின் வடிவத்திலேயே சுற்றித் தோல் சிவந்து, பொடிப்பொடியாக நீர் கோத்து அரித்தால் அது பெரும்பாலும் கிருமித் தொற்று இல்லை, மருந்து ஒவ்வாமை. பலர் இதைத் தொற்று என்று நினைத்து அதே வலையை இன்னும் அதிகம் வைக்கிறார்கள். பெரிய பரப்பில் வைத்தால் ஃப்ராமைசெட்டின் உள்ளே உறிஞ்சப்பட்டுக் காதைப் பாதிக்கக்கூடும் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

வைக்கும் முறையில்தான் இந்தப் பொருளின் மானம் இருக்கிறது. வலி மாத்திரையைக் கட்டுப் பிரிக்க 30 முதல் 45 நிமிடத்துக்கு முன்பே கொடுத்துவிட வேண்டும். பிரித்தபிறகு கொடுப்பதில் பயனில்லை. மின்விசிறியை நிறுத்துங்கள், திறந்த புண்ணில் காற்று படுவதே பாதி வலி. சலைனாலோ கொதித்து ஆறிய நீராலோ கழுவி, பிய்ந்து தொங்கும் செத்த தோலை மட்டும் கத்தரித்து எடுக்க வேண்டும். உள்ளங்கையில் உள்ள தடித்த கொப்புளத்தை விட்டுவிடலாம். மூட்டின் மேல் பெரிதாக, மெல்லிய தோலோடு, உடையும் நிலையில் இருப்பதை நீக்கிவிடுவது நல்லது. வலையை ஒற்றை அடுக்காக வைக்கக் கூடாது. வலைக்கண்கள் வழியாக மேலே உள்ள துணி புண்ணைத் தொட்டு ஒட்டிக்கொள்ளும். இரண்டு அடுக்கு, ஒன்றின் மேல் ஒன்று சற்றே திருப்பி, புண்ணின் விளிம்புக்கு வெளியே 2 செ.மீ. வரை. அதன் மேல் நீர் உறிஞ்ச மடித்த காஸ், அதற்கும் மேல் கேம்ஜி பேடு (காஸுக்குள் பஞ்சு வைத்தது), பிறகு ரோலர் பாண்டேஜ். வெறும் பஞ்சை வலையின் மேல் நேரடியாக வைத்தால் இழை இழையாக உள்ளே இறங்கிவிடும், அப்புறம் எடுப்பது பெரும்பாடு. விரல்கள் ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் சுற்ற வேண்டும். இரண்டு விரலைச் சேர்த்துக் கட்டினால் தோல் ஒன்றோடொன்று ஒட்டி வளர்ந்துவிடும். பாண்டேஜ் விரல் நுனிப் பக்கமிருந்து மேல்நோக்கி, ஒவ்வொரு சுற்றும் முந்தையதன் பாதியை மூட, நகங்கள் வெளியே தெரிய. நகத்தை அழுத்தி விட்டால் இரண்டு வினாடிக்குள் நிறம் திரும்ப வேண்டும். கட்டிய கை தலையணை மேல் உயரமாக இருக்கட்டும்.

முதல் 48 மணி நேரத்தில் புண்ணிலிருந்து நிறைய நீர் வடியும். அதனால் முதல் பார்வை 48 மணியில். அதற்குப் பிறகு இரண்டு, மூன்று நாளுக்கு ஒருமுறை போதும். இடையில் வெளித்துணி வரை ஈரம் ஊறி வந்துவிட்டால் மட்டும் அன்றே மாற்ற வேண்டும், ஏனென்றால் ஈரம் வெளியே வந்த பாதையில்தான் கிருமி உள்ளே போகும். வலை அசையாமல் ஒட்டிக் கிடந்தால் இழுக்காதீர்கள். சலைன் ஊற்றி 10, 15 நிமிடம் விடுங்கள். பிறகு மேல்நோக்கித் தூக்காமல் தோலுக்கு இணையாக மடக்கி உரியுங்கள். அப்படியும் ஒரு மூலை வரவில்லை, கீழே சிவப்பும் இல்லை நாற்றமும் இல்லை என்றால் அந்தத் துண்டை விட்டுவிட்டுச் சுற்றியுள்ளதைக் கத்தரித்துவிடலாம். கீழே தோல் மூடியதும் அதுவே விழும். தோல் ஒட்டுக்காகத் தோல் எடுத்த தொடையில் வைத்த வலையை எல்லோரும் இப்படித்தான் விடுகிறார்கள். கை காயத்தில் மட்டும் ஏன் அவசரப்பட வேண்டும்?

இதன் குறைகளும் உண்மையானவை. நான்கைந்து நாள் மாற்றாமல் விட்டால் பாரஃபின் உலர்ந்து, புதிய சதை வலைக்கண்கள் வழியாக மேலே வளர்ந்துவிடும். அப்போது உரித்தால் ரத்தம் கொட்டும். முழங்கை, முழங்கால் மடிப்பில் வலை சறுக்கி ஒரு பக்கம் சுருண்டுகொள்ளும், அங்கே ஒரு காப்புப் பலகையோடு கட்டினால்தான் நிற்கும். பாரஃபின் மிக அதிகமாக இருந்தால் நீர் வெளியேற வழியில்லாமல் சுற்றித் தோல் வெள்ளையாக ஊறிப்போகும். சித்திரை வெயிலில் கடை அலமாரியில் செங்குத்தாக நிறுத்திய டப்பாவில் பாரஃபின் முழுக்கக் கீழே இறங்கிவிடும்: மேல் துண்டுகள் காய்ந்த துணி, அடித் துண்டுகள் வழவழ குழம்பு. வாங்கும்போதே உறையைத் தடவிப் பாருங்கள். வீட்டில் படுக்கவைத்து, குளிர்ந்த இடத்தில் வையுங்கள்.

சிறிய மருத்துவமனைகளில் இதைத் தாங்களே செய்துகொள்கிறார்கள். ஸ்டீல் ட்ரேயில் வெட்டிய காஸை அடுக்கி, வெள்ளை மென்பாரஃபினை உருக்கி ஊற்றுவது. செலவு மிகக் குறைவு, தரமும் நன்றாகவே வரும், ஒரே நிபந்தனையோடு: இதை ஆட்டோகிளேவில் (நீராவியால் கிருமி நீக்கும் கலம்) வைக்கக் கூடாது. நீராவி கொழுப்புக்குள் நுழையாது. சூடு பட்டதைக் காட்ட ஒட்டும் டேப்பின் கோடு கறுத்துவிடும், உள்ளே கிருமி உயிரோடு இருக்கும். உலர் வெப்ப அடுப்பில் 160 டிகிரி செல்சியஸ், 2 மணி நேரம், அதுவும் ட்ரே அந்தச் சூட்டை எட்டிய பிறகு எண்ண வேண்டும். உயரமாக அடுக்கினால் நடு அடுக்கு சூடாக நேரமாகும். அதனால் சிறு சிறு ட்ரேக்கள், ஒரு நோயாளிக்கு ஒன்று. பொது டப்பாவில் இடுக்கி விட்டு எடுக்கும் பழக்கம் வார்டு முழுக்கக் கிருமி பரப்பும் வழி.

வெள்ளைக் களிம்பு

சில்வர் சல்ஃபாடயசின், 1 சதவீதம். 1968இல் சார்லஸ் ஃபாக்ஸ் கொண்டுவந்தது. பெருந்தீக்காயங்களில் சூடோமோனாஸ் கிருமியால் நோயாளிகள் செத்துக்கொண்டிருந்த காலத்தில் இது பெரிய காப்பாளனாக வந்தது, அந்த மரியாதை அதற்கு உண்டு. ஆழமான புண்ணில், அறுவைக்குக் காத்திருக்கும் நாள்களில், கிருமிப் பெருக்கத்தை அடக்க இன்றும் பயன்படும். வைத்ததும் குளிர்ச்சி தரும், எரியாது, நோயாளிக்குப் பிடிக்கும்.

ஆனால் இரண்டு வாரத்தில் தானே ஆறப்போகும் மேலோட்டமான புண்ணுக்கு இதைத் தடவுவது ஆறுவதைத் தள்ளிப்போடுகிறது. 2013இல் வந்த கோக்ரேன் ஆய்வுத் தொகுப்பு, சிலிக்கோன், வெள்ளி ஏற்றிய துணி, உயிரிப்பொருள் கட்டு ஆகியவற்றோடு ஒப்பிடும்போது இந்தக் களிம்பில் ஆறுவது தொடர்ந்து பின்தங்கியே இருந்தது என்று சொன்னது. சேர்த்துப் பார்த்த சோதனைகளின் தரம் நன்றாக இல்லை என்றும் அதே தொகுப்பு சொன்னது, அதையும் மறைக்க வேண்டாம். ஆனால் கட்டு அறையில் கண்ணால் காண்பதும் அதோடு ஒத்துப்போகிறது.

பிரச்சினை பிரிக்கும்போதுதான். களிம்பும் புண்ணின் நீரும் கலந்து இரண்டு, மூன்று நாளில் மஞ்சளும் சாம்பலும் கலந்த பிசின் படலம் ஒன்று புண்ணின் மேல் படியும். பார்க்கச் சீழ் போலவே இருக்கும். அதைச் சீழ் என்று நம்பித் தேய்த்து எடுக்கிறார்கள், அடியில் வளர்ந்த தோலும் போகிறது. அல்லது ஆழமான புண் என்று நம்பி வேறிடத்துக்கு அனுப்புகிறார்கள். அதனால் வேறு மருத்துவமனைக்கு அனுப்பும் நோயாளிக்கு இதைத் தடவி அனுப்பக் கூடாது என்பது கறாரான விதி. அங்கே ஆழம் பார்க்க அத்தனையையும் கழுவி எடுக்க வேண்டும், ஒவ்வொரு கழுவலும் ஒரு சித்திரவதை.

அளவுக் கணக்கையும் பாருங்கள். களிம்பு வேலை செய்ய 1.5 மி.மீ. கனமாவது வேண்டும். வயது வந்தவரின் ஒரு சதவீதப் பரப்பு சுமார் 170 சதுர செ.மீ. அந்தக் கனத்துக்கு ஏறக்குறைய 25 கிராம். அதாவது 20 கிராம் ட்யூப் ஒன்று ஓர் உள்ளங்கை அளவுப் புண்ணுக்கு ஒரு வேளைக்குக்கூட முழுதாகக் காணாது. அதையே ஒரு நாளைக்கு ஒன்று அல்லது இரண்டு முறை மாற்ற வேண்டும். கடையில் ஒரு ட்யூப் வாங்கி ஒரு வாரம் ஓட்டுகிறவர்கள் தடவுவது வெறும் பூச்சு, அது காய்ந்து பொருக்காகும். அதே பரப்புக்கு 10க்கு 10 செ.மீ. வாசலின் வலை, இரண்டு அடுக்குக்கு, விளிம்பையும் சேர்த்து, ஏறக்குறைய ஆறு துண்டு, இரண்டு நாளுக்கு. ஒரு வாரச் செலவைக் கூட்டினால் ‘விலை மலிவு’ என்ற பெயர் களிம்புக்கு நிற்காது. நோயாளிக்குக் குறையும் டிரெஸ்ஸிங் எண்ணிக்கையை நான் பணத்தைவிட மேலாக எண்ணுகிறேன்.

தடவியே ஆக வேண்டும் என்றால் புண்ணில் நேரடியாகத் தேய்க்காமல், கிருமி நீக்கிய காஸில் பரத்தி, அதை எடுத்து வைக்க வேண்டும். டப்பாவுக்குள் கையுறையோடு விரல் விடுவது கூடாது. ஒவ்வொரு முறையும் புது ஸ்பாட்டுலா. சல்ஃபா வகை மருந்து ஒத்துக்கொள்ளாதவர், ஜி6பிடி குறைபாடு (சில மருந்துகளால் சிவப்பணு சிதையும் பரம்பரைக் குறை) உள்ளவர், பிரசவ நாள் நெருங்கிய கர்ப்பிணி, இரண்டு மாதத்துக்குக் குறைந்த குழந்தை ஆகியோருக்கு வேண்டவே வேண்டாம். பெரிய பரப்பில் வைத்தால் இரண்டு, மூன்று நாளில் வெள்ளை அணுக்கள் தற்காலிகமாகக் குறைவது தெரிந்த விஷயம். ரத்தப் பரிசோதனைச் சீட்டைப் பார்க்கையில் களிம்பு வைத்த தேதியும் மனதில் இருக்க வேண்டும். முகத்துக்கும் வேண்டாம்.

வெள்ளி ஏற்றிய துணி

ஆக்டிகோட் போன்றவை. விலை உறைக்கும். ஆனால் தரமான பொருள். சரியான இடத்தில் போட்டால் கொடுத்த பணத்துக்கு நியாயம் செய்யும். மூன்று நாள் வகை, ஏழு நாள் வகை என இரண்டு உண்டு. அழுக்குப் பட்ட பகுதி ஆழப் புண், தினமும் கட்டுப் பிரித்தால் தாங்காத குழந்தை, வாரம் இருமுறைக்கு மேல் ஊரிலிருந்து வர முடியாத குடும்பம், இவர்களுக்கு நான் தயங்காமல் இதைச் சொல்வேன்.

கெடுவது எங்கே? நனைக்கும் தண்ணீரில். கை வாகாகக் கிடக்கிறதே என்று சலைனில் நனைத்துவிடுகிறார்கள். சலைனில் உள்ள குளோரைடு வெள்ளியைப் பிடித்து உப்பாக்கிவிடும். மூன்று நாளைக்கான சரக்கு வீணாகும். கிருமி நீக்கிய தண்ணீரில் நனைத்து, அதிக நீரை வடியவிட்டு, புண்ணின் அளவுக்கு வெட்டி வைக்க வேண்டும். அடியில் வாசலின் வலையோ எண்ணெய்க் களிம்போ போட்டால் வெள்ளி புண்ணை எட்டாது. நீர் குறைந்த புண்ணில் துணி உலர்ந்து ஒட்டும்; ஈரக் காஸை மேலே வைத்து உலராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். வைத்ததும் சிறிது நேரம் எரிச்சல் இருக்கும், அதை முன்பே சொல்லிவிடுங்கள். தோலில் படியும் சாம்பல் கறை தானே போகும். எம்ஆர்ஐ எடுக்கும் முன் கழற்றிவிட வேண்டும்.

கொலாஜன் தாள்

சென்னை அடையாறு மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் (சிஎல்ஆர்ஐ, பதனிட்ட விலங்குத் தோலுக்கான ஆய்வு நிலையம்) இந்தப் பொருளில் நெடுங்காலம் உழைத்திருக்கிறது. புதிய, சுத்தமான, மேலோட்டமான புண்ணில் ஒரே முறை வைத்தால் போதும்: ஒட்டிக்கொண்டு, புண் ஆறியதும் தானே உரிந்து விழும். வெந்நீர் கொட்டிய குழந்தையின் மார்புக்கு இதைவிட இதமான பொருள் குறைவு. ஈரத் தாள் ஆல்கஹால் கலந்த திரவத்தில் வருவதால் சலைனில் நன்றாக அலசிவிட்டே வைக்க வேண்டும். இல்லாவிட்டால் எரிச்சலில் குழந்தை வீட்டையே கூட்டிவிடும். அடியில் காற்றுக் குமிழோ நீரோ நிற்காமல் நடுவிலிருந்து வெளியே தடவிவிட வேண்டும். அங்கங்கே சிறு துளை இட்டால் நீர் வெளியேறும். ஒரு நாளுக்கு மேலான அழுக்குப் புண்ணிலும் ஆழமான புண்ணிலும் வைத்தால் அடியில் சீழ் கோத்துத் தாள் மிதக்கும். மிதந்த இடத்தை உடனே வெட்டி எடுத்துவிட வேண்டும். மாடு, மீன் எதிலிருந்து எடுத்தது என்று உறையில் பார்த்து, குடும்பத்தாரிடம் சொல்லிச் சம்மதம் வாங்கியபின் வைப்பதே முறை.

வாழை இலை

மும்பை சயனில் உள்ள லோக்மான்ய திலக் மருத்துவமனையில் மாதுரி கோரே குழுவினர் வாழை இலையைத் தீப்புண் கட்டாக முறைப்படி சோதித்து, 2003இல் ஆய்வாக வெளியிட்டார்கள். தோல் எடுத்த இடத்தில் வாசலின் காஸைவிட வலி குறைவாக உரிந்து வந்தது. அதே ஊரில் அதற்கு முன்பே பயன்பாட்டில் இருந்த உருளைக்கிழங்குத் தோல் கட்டுக்கு இணையாகப் புண்ணையும் ஆற்றியது, செய்வதும் அதைவிட எளிது. வழவழப்பான மெழுகுப் பரப்பு, பெரிய அளவு, எதிலும் ஒட்டாத குணம்: கட்டுப் பொருளிடம் கேட்கும் மூன்றும் இதில் உண்டு.

தென்னிந்தியத் தோல் நோய் வார்டுகளில் இதன் இடம் இன்னும் பெரியது. பெம்ஃபிகஸ் என்னும் கொப்புள நோயிலும், மருந்து ஒவ்வாமையால் உடம்புத் தோலே உரிந்துபோகும் டென் நோயிலும் நோயாளியைச் சாதாரண விரிப்பில் படுக்கவைத்தால் முதுகுத் தோல் விரிப்போடு போய்விடும். அங்கே வாழை இலைப் படுக்கையைவிட நல்லதை விலை கொடுத்து வாங்குவதும் கடினம். நடு நரம்பை முழுக்கச் சீவி எடுக்க வேண்டும், விட்டால் முதுகில் அழுத்தும். பூச்சிமருந்து போக இருபுறமும் கழுவ வேண்டும். திறந்த புண்ணுக்கு என்றால் துணிப் பொதியில் வைத்து ஆட்டோகிளேவ் செய்ய வேண்டும். நிறம் பழுப்பாகி இலை துவண்டுவிடும், அதனால் பயன் குறையாது. இலை நீரை உறிஞ்சாது என்பதுதான் இதன் பெரிய குறை. வடிவது முதுகுக்கடியில் தேங்காமல் இருக்க இலைத் துண்டுகளுக்கிடையே இடம் விட்டு, கீழே உறிஞ்சும் பேடு போட வேண்டும். தினமும் மாற்ற வேண்டும். காய்ந்த இலை விளிம்பு தோலைக் கீறும்.

டென் நோயாளிக்கு வெள்ளைக் களிம்பை நினைக்கவே கூடாது. அந்த நோயைக் கிளப்பும் மருந்துகளில் சல்ஃபா முன்வரிசையில் நிற்கிறது. அதே சல்ஃபாவை உரிந்த தோலில் அப்புவது நெருப்புக்கு நெய். வாசலின் வலையோ இலையோதான். உரிந்து சுருங்கிய தோலைப் பிய்த்து எடுக்காமல் அதன் இடத்திலேயே விரித்து விடலாம், அது இயற்கைக் கட்டு. பெரிய கொப்புளத்தில் தாழ்ந்த பக்கமாக ஊசியால் குத்தி நீரை வடித்துவிட்டு, மேல்தோலை மூடியாக விட்டுவிட வேண்டும். பிளாஸ்டர் ஒரு துண்டுகூட உடம்பில் ஒட்டக் கூடாது. ஐவி ஊசியைப் பாண்டேஜால் கட்டி நிறுத்துங்கள். பிரஷர் பார்க்கும் பட்டைக்கு அடியில் வாசலின் வலை. புரட்டும்போது இழுக்காமல், நான்கு பேர் விரிப்போடு தூக்க வேண்டும். அறை 30 டிகிரிக்குக் குறையாமல் சூடாக இருக்கட்டும், ஏசி வேண்டாம். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கண்ணுக்கு மசகு சொட்டு. தோலை மட்டும் பார்த்துக்கொண்டு கண்ணை விட்டால் இமை கண்விழியோடு ஒட்டிப் பார்வை போகும்.

எந்தப் பொருளை வைத்தாலும் வலி குறைந்துவந்து மீண்டும் கூடுவது, சிவப்பு பரவுவது, பச்சை நிறக் கறையும் நாற்றமும், காய்ச்சல் ஆகியவை வந்தால் கட்டை மாற்றினால் மட்டும் போதாது, டாக்டரிடம் போக வேண்டும். குழந்தைகளில் ஒன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும்: இரண்டு சதவீதச் சிறு புண்தான், பார்க்கச் சுத்தமாகவே இருக்கிறது, ஆனால் திடீர்க் காய்ச்சல், உடம்பெல்லாம் தடிப்பு, வயிற்றுப்போக்கு, சோர்வு. இது நச்சு அதிர்ச்சியாக (டாக்சிக் ஷாக், கிருமியின் நச்சால் உடல் நிலைகுலைவது) இருக்கலாம். காலை வரை காத்திருக்காமல் அந்த மணியிலேயே மருத்துவமனை. டிடி (டெட்டனஸ் தடுப்பு) ஊசி போட்டாயிற்றா என்பதையும் முதல் நாளே கேட்டுவிடுங்கள்.

மூடியபின் வாங்குவது

தோல் மூடிவிட்டது என்றால் கடைக்காரர் பல களிம்புகளைக் காட்டுவார். வாசனையில்லாத சாதாரண மாய்ஸ்சரைசரோ தேங்காய் எண்ணெயோ போதும். புதிய தோலில் எண்ணெய்ச் சுரப்பிகள் வேலை செய்யாததால் அது காய்ந்து வெடித்து அரிக்கும். ஒரு நாளைக்கு மூன்று, நான்கு முறை மெல்லிய பூச்சாகத் தடவ வேண்டும். பழைய பூச்சைக் கழுவாமல் மேலே மேலே தடவினால் சிறு வெள்ளைப் பருக்கள் கிளம்பும். வெயிலில் போனால் துணியால் மூட வேண்டும், முகத்துக்கு எஸ்பிஎஃப் 30க்குக் குறையாத சன்ஸ்கிரீன்.

மூன்று வாரத்துக்கு மேல் எடுத்து மூடிய புண் என்றால் தழும்பு தடிக்கும் வாய்ப்பு அதிகம். அதற்குச் சிலிக்கோன் தாளும் அழுத்த உடையும் (தழும்பை இறுக்கி அழுத்தும் மீள் துணி உடை). தாளை முதல் நாளே முழுநேரம் போடாமல் சில மணி நேரத்தில் தொடங்கி, தோல் தாங்கத் தாங்க 12 மணி நேரத்துக்கு மேல் ஏற்றிக்கொண்டு போகலாம். தினமும் மென்சோப்பில் அலசி, துண்டால் துடைக்காமல் காற்றில் காயவிட்டால் பசை நிற்கும். நம் ஊர்ப் புழுக்கத்தில் அடியில் வேர்க்குரு வந்தால் இரண்டு நாள் நிறுத்தி, நேரத்தைக் குறைத்து மீண்டும் தொடங்க வேண்டும். அழுத்த உடையை அளவெடுத்துத்தான் தைக்க வேண்டும், ரெடிமேடு வேண்டாம். குளியல் தவிர நாளில் 23 மணி நேரம், தழும்பு வெளுத்துத் தட்டையாகி மென்மையாகும் வரை. ஓராண்டு, சிலருக்கு இரண்டாண்டுகூட ஆகும். விரல் நீலமானாலோ மரத்தாலோ அளவு தப்பு. இரண்டு, மூன்று மாதத்தில் இழை தளர்ந்துவிடும், வளரும் குழந்தைக்கு அதற்கும் முன்பே சின்னதாகிவிடும். இரண்டு செட் வாங்கி மாற்றி மாற்றிப் போடுங்கள். பச்சைத் தண்ணீரில் துவைத்து நிழலில் காயவிட வேண்டும். எண்ணெய் தடவிய உடனே உடையை மாட்டினால் மீள் இழை கெடும், சிலிக்கோன் தாளும் எண்ணெய்த் தோலில் ஒட்டாது. அதனால் எண்ணெயைக் குளிக்க அரை மணிக்கு முன் தேய்த்து, கழுவித் துடைத்துவிட்டு, தாளை வைத்து அதன் மேல் உடையை மாட்டுவது சரியான வரிசை.